பக்கெட் மாட்டிய டிராக்டர் சாலைக்கு வரும்போது

நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த 36 வயது விவசாயி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருக்கிறது. கோழிப்பண்ணைகளில் எரு அள்ளுவதற்காகச் சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் அதன் முன்பக்கம் லோடர் (இரண்டு இரும்புக் கைகளும் அவற்றின் முனையில் அள்ளும் பக்கெட்டும் கொண்ட கருவி) மாட்டியிருக்கிறார். தோட்டத்துக்கும் பண்ணைக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர். பாதி மண்பாதை, பாதி தார்ச்சாலை. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரத்தில் அவருடைய அண்ணன் மகன் டிராக்டரை ஓட்டி வந்தான். அவனுக்கு வயது 17. பக்கெட் நிறைய எரு. எதிரே வருகிறவர்கள்மீது பட்டுவிடக் கூடாது என்று பக்கெட்டை ஆளுயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தான். ஒரு வளைவில் ஸ்கூட்டரில் கணவனும் மனைவியும் வந்தார்கள். பையன் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்காமல் வலதுபக்கம் இழுத்துக்கொண்டு போனது. பக்கெட்டின் ஓரம் ஸ்கூட்டரின் கண்ணாடியில் உரசியதில் இருவரும் விழுந்தார்கள். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அவர் விசைத்தறிப் பட்டறையில் நூல் சுற்றும் வேலை செய்பவர்.

ஊர்ப் பெரியவர்கள் பேசி 15,000 ரூபாய் கொடுக்க வைத்தார்கள். காவல் நிலையத்துக்கு யாரும் போகவில்லை. மருத்துவமனையில், 'வண்டியிலிருந்து தவறி விழுந்துவிட்டேன்' என்று அந்த அம்மாவையே சொல்ல வைத்திருக்கிறார்கள். இப்போது கை சரியாகக் கூடவில்லை, அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்களாம்.

கடிதத்தின் முடிவில் அவர் கேட்பவை இவை: பிரேக்கைப் பட்டறையில் பிரித்துப் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை, பிறகு ஏன் வண்டி நிற்கவில்லை? விவசாய டிராக்டருக்கு லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் கண்டிப்பில்லை என்கிறார்களே, உண்மையா? லோடர் மாட்டியதை ஆர்.சி. புத்தகத்தில் (வண்டியின் பதிவுச் சான்றில்) ஏற்ற வேண்டுமா? பணம் கொடுத்த பிறகும் அவர்கள் வழக்குப் போட முடியுமா? அப்படிப் போட்டால், 'ஓட்டியது நான்தான்' என்று சொல்லிவிடலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த அம்மாவின் கை கூடவில்லை என்று எழுதிய இடத்தில் உங்கள் கையெழுத்தே மாறியிருந்தது. நடந்ததை மறைக்க நினைத்திருந்தால் இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால் நானும் எதையும் மழுப்பாமல் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளாக மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிறேன். பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன், வண்டி உரிமையாளர்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் டிராக்டர் உண்டு.

பிரேக்கில் குறை இல்லை. பின் சக்கரத்தில் எடை இல்லை

மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் 'பிரேக் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியிருக்கும். வண்டி நிற்கவில்லை என்று ஓட்டுநர் சத்தியம் செய்வார். இரண்டுமே உண்மையாக இருப்பதைப் பல வழக்குகளில் பார்த்துவிட்டேன். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். முன் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. பின் சக்கரம் தரையை அழுத்திப் பிடித்தால்தான் பிரேக்குக்கு வேலை.

கடப்பாரையால் கல்லை நெம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். முன் அச்சுதான் அடிக்கு வைத்த கல். பக்கெட்டில் உள்ள எரு ஒரு முனையை அழுத்துகிறது. மறுமுனையில் உள்ள பின் சக்கரங்கள் மேலே கிளம்பப் பார்க்கின்றன. நீங்கள் எழுதிய அளவுகளையே வைத்துக் கணக்குப் போட்டேன். டிராக்டரின் எடை சுமார் 2 டன். வழக்கமாக அதில் ஏறக்குறைய 1,200 கிலோ பின் சக்கரங்களில் இருக்கும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர். பக்கெட்டில் 500 கிலோ எரு, முன்னச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தொங்குகிறது. அந்த 500 கிலோ மட்டுமே பின் சக்கரங்களிலிருந்து 375 கிலோவைத் தூக்கிவிடுகிறது. லோடரின் இரும்பு எடையும் முன்னால் இருப்பதால் இன்னும் குறையும். கிட்டத்தட்ட பாதி எடை போய்விட்ட சக்கரத்தில் எவ்வளவு நல்ல பிரேக்கைப் போட்டாலும் அது வழுக்கத்தான் செய்யும். ஈர எருவாக இருந்தால் எடை இன்னும் கூடும்.

வலதுபக்கம் இழுத்ததற்கும் ஒரு காரணம் தோன்றுகிறது. டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனிப் பிரேக் மிதிகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வயலில் வரப்போரம் திருப்புவதற்கு அது உதவும். சாலைக்கு ஏறும்முன் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியைப் போட வேண்டும். கொக்கி போடாமல் பதற்றத்தில் மிதிக்கும்போது கால் வலது மிதியில் மட்டும் விழுந்தால், வலது சக்கரம் நின்று இடது சக்கரம் ஓடும். வண்டி வலதுபக்கம், அதாவது எதிரே வருகிறவர்கள் பக்கம் திரும்பிவிடும். அன்று கொக்கி போட்டிருந்ததா என்று பையனிடம் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மையைச் சொல்வான்.

இதற்கு மாற்று என்ன? சாலையில் பக்கெட்டில் சுமை கொண்டுபோவதையே நிறுத்திவிடுங்கள். பக்கெட் அள்ளுவதற்கும் ஏற்றுவதற்கும் உரியது. எருவை டிரெய்லரில் ஏற்றி, காலி பக்கெட்டோடு போங்கள். காலி பக்கெட்டோடு போனாலும் பின்னால் எதிர் எடை வேண்டும். டிராக்டரோடு வந்த கையேட்டில் எவ்வளவு எடை, எங்கே மாட்ட வேண்டும் என்று இருக்கும். பின் சக்கரத்துக்கான இரும்பு எடைகள், டயரில் நிரப்பும் தண்ணீர், பின்புற இணைப்பில் மாட்டும் கான்கிரீட் கட்டை ஆகிய மூன்றில் பொருத்தமானதைப் பயன்படுத்தலாம். பம்பருக்கு முன்னால் மாட்டியிருக்கும் எடைத் தட்டுகள் இருந்தால் கழற்றிவிடுங்கள். அவை வேறு வேலைக்கானவை. லோடரோடு சேர்ந்தால் நெம்புகோலுக்கு இன்னும் எடை ஏற்றியது போலாகும்.

தூக்கிப் பிடித்த பக்கெட்

பக்கெட்டை உயரத் தூக்கினால் யார்மீதும் படாது என்று பலரும் நம்புகிறார்கள். பையனும் நல்ல எண்ணத்தில்தான் தூக்கியிருக்கிறான். ஆனால் ஆளுயரம் என்பது ஸ்கூட்டரில் வருகிறவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் நேரான உயரம். அன்று கண்ணாடியில் உரசியதோடு போனது. அரை முழம் தள்ளியிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

உயரத்தினால் இன்னொரு தீங்கும் உண்டு. டிராக்டரின் முன்னச்சு நடுவில் ஒரே முளையில் ஆடுகிறது. ஆகவே டிராக்டர் நான்கு சக்கரத்தில் நிற்பது போலத் தெரிந்தாலும், சாய்கிற விஷயத்தில் இரண்டு பின் சக்கரமும் அந்த முளையும் சேர்ந்த முக்கோணத்தில்தான் நிற்கிறது. சுமையை மேலே கொண்டுபோகப் போக, அந்த முக்கோணத்தை விட்டு எடை வெளியே விழுவது எளிதாகும். ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலோ வளைவில் சற்று வேகமாகத் திருப்பினாலோ போதும். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியும் இருக்கிறது. பக்கெட்டைத் தூக்கும் எண்ணெய் போகிற ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால், தூக்கிய பக்கெட் கீழே வருவதற்கு நீங்கள் கட்டுப்பாட்டு நெம்புகோலைத் தொடவே வேண்டாம்.

சாலையில் பக்கெட் முழங்கால் உயரத்தில், தரையிலிருந்து ஓரடி, ஒன்றரையடி உயரத்தில், வாய் பின்பக்கமாகச் சாய்ந்த நிலையில் இருக்க வேண்டும். வேகத்தடை வந்தால் நின்று சற்று உயர்த்தி, தாண்டியதும் இறக்குங்கள். லோடரின் கட்டுப்பாட்டு நெம்புகோலுக்குப் பூட்டு இருந்தால் அதைப் போடுங்கள். முழங்கை பட்டு பக்கெட் இறங்கிய விபத்துகள் உண்டு. பக்கெட்டின் பற்களுக்கும் கூரிய விளிம்புக்கும் பழைய டயரை வெட்டிக் கட்டினாலும் நல்லதுதான். எருவைக் குத்தி எடுக்கும் முள் மாட்டியிருந்தால் அதைச் சாலையில் கொண்டுபோகாதீர்கள். கழற்றி டிரெய்லரில் போடுங்கள்.

எரு அள்ளும் வேலை ஆண்டில் சில வாரங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற நாட்களில் லோடரைக் கழற்றி வைத்துவிட முடியுமா என்று பாருங்கள். கழற்றுவது கடினம் என்பதற்காகவே பலர் ஆண்டு முழுவதும் அதை முன்னால் சுமந்துகொண்டு சந்தைக்கும் மில்லுக்கும் போகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

தோட்டத்து வாய்

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். தோட்டத்து மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் இடம்தான் லோடர் டிராக்டருக்கு மிக ஆபத்தான இடம். இருக்கையில் அமர்ந்திருக்கும் உங்கள் கண்ணுக்கும் பக்கெட்டின் நுனிக்கும் நடுவே மூன்று, நான்கு மீட்டர் இருக்கும். வேலியும் புதரும் மறைக்கிற இடத்தில், சாலை உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே பக்கெட் சாலைக்குள் போய்விடுகிறது. லோடரின் இரண்டு கைகளும் பார்வையை மறைக்கின்றன. சாலையில் வருகிறவருக்கோ வேலிக்குள்ளிருந்து திடீரென்று ஓர் இரும்பு விளிம்பு நீண்டு வருகிறது.

அந்த இடத்தில் ஒருவர் இறங்கிச் சாலையோரம் நின்று கை காட்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் வண்டியை நிறுத்திவிட்டு நீங்களே இறங்கிப் பார்த்து வாருங்கள். வேலியோரச் சீமைக்கருவேலைத் தோள் உயரத்துக்கு வெட்டிவிடுவது ஒரு நாள் வேலை.

பின்னால் வருகிறவரையும் நினைக்க வேண்டும். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறீர்கள். பின்னால் கார் 80 கிலோமீட்டரில் வருகிறது. இடையில் 100 மீட்டர் இருந்தால், அது ஆறு வினாடியில் உங்களைத் தொட்டுவிடும். மங்கலான மாலை வெளிச்சத்தில் முன்னே போவது டிராக்டர் என்று புரிந்துகொள்ளவே இரண்டு வினாடி ஆகும். மெதுவாகச் செல்லும் வண்டிக்கென்று செம்மஞ்சள் முக்கோணப் பலகை ஒன்று பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், டிராக்டர் விபத்துகளைப் பார்த்து உருவாக்கியது அது. அப்படி ஒன்றைப் பின்னால் மாட்டுவதற்குச் செலவு அதிகமில்லை. டிரெய்லரின் பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை, எரியும் பின்விளக்கு, பக்கெட்டின் இரு ஓரங்களிலும் பட்டை ஆகியவை கட்டாயம் வேண்டும். முன்விளக்கைப் பக்கெட்டும் கைகளும் மறைக்கின்றனவா என்று ஓர் இரவு தோட்டத்திலேயே நிறுத்தி எதிரே நின்று பாருங்கள். மறைத்தால் இருட்டில் சாலைக்கு வராதீர்கள். வயல் வேலைக்காகப் பின்னோக்கி மாட்டிய வெள்ளை விளக்கைச் சாலையில் அணைத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து, எதிரே ஒரு வண்டி வருகிறது என்று எண்ணிவிடுவார்.

'விவசாய டிராக்டருக்குச் சட்டம் கிடையாது'

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்ல என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பெர்மிட் போன்ற சில கட்டாயங்கள் அதற்கு இல்லை. அந்தச் சலுகையை ஊரில் இழுத்து நீட்டி, எந்தக் கட்டாயமுமே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் டிராக்டரும் மோட்டார் வாகனம்தான். பொது இடத்தில் ஓட்ட உரிமம் வேண்டும் (பிரிவு 3), 18 வயது நிறைந்திருக்க வேண்டும் (பிரிவு 4), மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டியால் பாதிக்கப்படும் பிறருக்கான காப்பீடு, வேண்டும் (பிரிவு 146). 'பொது இடம்' என்றால் தார்ச்சாலை மட்டும் அல்ல; பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த வழியும் அதில் சேரும். உங்கள் ஊர் மண்பாதையும் அப்படித்தான்.

உரிமத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. கார் ஓட்டும் இலகு ரக வாகன உரிமம் உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெற்று எடை 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டரும் சட்டப்படி இலகு ரக வாகனம்தான். இந்த 7,500 கிலோ வரம்பைப் பற்றிய நீண்ட சர்ச்சையை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. டிரெய்லர் மாட்டியதாலேயே டிராக்டர் உரிமம் செல்லாமல் போய்விடாது என்று 2001இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் ஓட்டுவதில் சிக்கல் இல்லை.

காப்பீட்டில் சிக்கல் இருக்கிறது. உங்கள் பாலிசியின் நகலில், பயன்பாடு 'விவசாயத்துக்கு மட்டும்' என்று தெளிவாக இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவதாகவும், வீடு கட்டுகிறவர்களுக்குக் கிராவல் ஏற்றித் தருவதாகவும் கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் அடிக்கோடிட்டேன். செங்கல் சூளைக்கு மண் ஏற்றப்போன டிராக்டரின் டிரெய்லரில் இருந்த தொழிலாளி காயமடைந்த ஒரு வழக்கு 2007இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அது விவசாயப் பயன்பாடு அல்ல, காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றார்கள். அந்த ஏழைத் தொழிலாளி கைவிடப்படக் கூடாது என்பதற்காக, நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டார்கள். வசூலிப்பது என்றால் டிராக்டர், நிலம் என்று எதன்மீதும் கை வைக்கலாம். வாடகைக்கு விடுவதாக இருந்தால் அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டி, எழுத்தில் வாங்குங்கள். டிரெய்லருக்கும் தனியாகக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். மட்கார்டில் ஆட்களை ஏற்றாதீர்கள். அவர்களுக்குப் பாலிசியில் இடமில்லை, கீழே விழுந்தால் பின் சக்கரத்துக்கு முன்னால்தான் விழுவார்கள். தேங்காய் பறிக்கவும் தெருவிளக்கு மாற்றவும் பக்கெட்டில் ஆளை நிறுத்தித் தூக்குவதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். அது ஒருபோதும் வேண்டாம்.

ஆர்.சி. விஷயத்துக்கு வருகிறேன். கலப்பை, ரோட்டாவேட்டர் போல மாட்டிக் கழற்றும் கருவி வேறு. டிராக்டரின் உடலோடு பற்றவைத்து நிரந்தரமாக இணைத்த சட்டகம் வேறு. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் பட்டறைக்காரர் சட்டகத்தைப் பற்றவைத்திருக்கிறார் என்பது புகைப்படத்தில் தெரிகிறது. அது எனக்குச் சட்டப்படியும் கவலை, பாதுகாப்புப்படியும் கவலை. டிராக்டர் தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு ஏற்ற லோடரை அங்கீகரித்திருக்கிறாரா என்று டீலரிடம் கேளுங்கள். இருந்தால் அதை போல்ட் போட்டுப் பொருத்தி, பில்லோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, பதில் எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அதுவரை பற்றவைத்த லோடரோடு சாலைக்கு வர வேண்டாம்.

அந்த அம்மாவின் கை

இனி, நீங்கள் கடைசியில் கேட்டவற்றுக்கு வருகிறேன். நான் கோபத்தோடு எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

15,000 ரூபாயோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பஞ்சாயத்தில் வாய்வார்த்தையாகப் பேசியது அவருடைய இழப்பீட்டு உரிமையைப் பறிக்காது. பிரிவு 166இன்படி அவர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், வலி வேதனை, கை பழையபடி ஆகாவிட்டால் நிரந்தர ஊனம், பார்த்துக்கொள்ள வந்தவரின் செலவு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்கில் வரும். நூல் சுற்றும் ஒருவருக்கு மணிக்கட்டு எவ்வளவு முக்கியம் என்று விசைத்தறி ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் போய்விட்டது.

இதில் அவருக்கு நீங்கள் செய்த பெரிய தீங்கு, மருத்துவமனையில் பொய் சொல்ல வைத்தது. அங்கே எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் தீர்ப்பாயத்தில் முதலில் கேட்பார்கள். அதில் 'தானாக விழுந்தார்' என்று இருந்தால், காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் இழுப்பார். உங்களைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய், அவரையே பொய்யர் ஆக்கிவிடும். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் செய்த நிறைவோடு எழுந்து போயிருப்பார்கள். இதற்கான விலையை அந்த அம்மா கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

'ஓட்டியது நான்தான் என்று சொல்லிவிடலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பையனைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் குற்றம் செய்தவரைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பதே தனிக் குற்றம். வளைவில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், பஞ்சாயத்தில் பேசியவர்கள் இருக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்தப் பொய் உடைந்தால் நீங்கள் சொல்லும் உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். தன்னைக் குற்றவாளியாக்கும் சாட்சியம் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(3)ஆம் பிரிவு தரும் உரிமை. அந்த உரிமையில் மௌனத்துக்கு இடம் உண்டு, பொய்க்கு இடமில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 18 வயது நிரம்பாதவர் ஓட்டினால், பிரிவு 199அ-வின்படி பாதுகாவலரோ உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபித்தால் தப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சாவியைக் கொடுத்தது நீங்கள்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. உரிமம் இல்லாதவர் ஓட்டிய வழக்குகளில், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கத் தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். ஆகவே பணச்சுமை கடைசியில் உங்கள் தலையில்தான் வந்து விழும்.

அப்படியென்றால் பேசாமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். யாரும் வழக்குப் போடாமலும் போகலாம். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பணமில்லாமல் அவர் குடும்பம் வழக்கறிஞரைத் தேடிப் போனால், அப்போது நீங்கள் விபத்தை மறைத்தவர் என்ற நிலையில்தான் முதன்முதலாக நீதிமன்றத்தின்முன் நிற்பீர்கள். விபத்து நடந்தால் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி செய்து, 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத வேண்டும் என்கிறது பிரிவு 134. அந்தக் கெடு தாண்டிவிட்டது. தாமதமாகவேனும் தானாக முன்வந்தவரை நீதிமன்றம் பார்க்கும் விதம் வேறு. அதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

என் ஆலோசனை இதுதான். முதலில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். அறுவை சிகிச்சைக்கு எங்கே, எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அதற்கான ஏற்பாட்டை இந்த வாரமே செய்யுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை அவர்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ஆனால் 'இனி வழக்குப் போட மாட்டேன்' என்று எழுதி வாங்காதீர்கள். மனு கொடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது, ஆறு மாதக் கெடு இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவருக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். உங்களுக்கு எதிரான வழக்குக்கு நீங்களே வழி காட்டுவதா என்று வீட்டில் கேட்பார்கள். வழக்கு வந்தால் அதை லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு) கொண்டுபோய், காப்பீட்டு நிறுவனத்தையும் உட்கார வைத்து, ஒரே தீர்வாக முடிக்க வழியிருக்கிறது. அது எழுத்தில் இருக்கும், மறுபடி கிளறப்படாது. வாய்வார்த்தையில் கொடுத்த 15,000 ரூபாய்க்கு அந்தப் பலம் இல்லை.

பிறகு, உள்ளூரில் குற்றவியல் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பாலிசி, ஆர்.சி., லோடர் பில், சம்பவ இடத்துப் புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்துப்போய், என்னிடம் சொன்னதையே அவரிடமும் மாற்றாமல் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டிய கடிதங்களை அவரே எழுதித் தருவார். அவர் இல்லாமல் தனியாக வாக்குமூலம் கொடுக்கப் போக வேண்டாம்.

பையன் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, டிராக்டர் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பின் சக்கரத்து எடையைப் பற்றி நான் எழுதிய பகுதியை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். அன்று வண்டி ஏன் நிற்கவில்லை என்று தெரியாமல், தன் காலையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பான். அந்த எடைக் கணக்கை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாவியைக் கொடுத்த பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த அம்மாவைப் பார்க்கப் போகும்போது அவன் வருவதாகச் சொன்னால் அழைத்துப் போங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.